தானாக நிற்கட்டும்

என் கண்ணுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று திருநள்ளாற்றுக்காரரிடம் சனிக்கிழமைதோறும் சொல்லிவிட்டு வருகிறேன். அதனால் அதை இங்கே தனியாகக் கேட்கப் போவதில்லை. நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இப்படி நலமெல்லாம் எழுதி முடித்ததும் 'நிற்க' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று எங்கள் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் நீ அந்த வார்த்தையைப் பார்த்திருக்க மாட்டாய். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்து நிற்க என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கோளாறுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. வைகாசி முகூர்த்தத்துக்கு லீவு கிடைத்துவிட்டது என்று படித்ததும் பூஜை மாடத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மீதியைப் படித்தேன். உன் கல்யாணப் பந்தலில் உன் ஜெனரேட்டர்தான் ஓடவேண்டும் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அதற்கு அடுத்த வரியில், 'நான் வந்து பிரித்துப் பார்க்கிறேன், அதுவரைக்கும் அப்பாவை அது பக்கமே விடாதே' என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை நான் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. தாண்டிப் போய்விட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்குன்னு ஏதாவது எழுதிருக்கானா" என்றார். "கேட்டதாச் சொல்லச் சொல்லியிருக்கான்" என்று பொய் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பொய்யைத்தான் மாசாமாசம் சொல்கிறேன். நீ அவரைக் கேட்டு எழுதி அவ்வளவு நாளாகிவிட்டது. மணையில் உட்காரும் பிள்ளையும் பெற்ற தகப்பனும் முகம் பார்க்காமல் ஒரு கல்யாணம் நடந்தால், அதற்குக் காரணமானவள் எந்தக் கோவிலுக்குப் போய் எந்த விளக்கு ஏற்றி என்ன பிரயோஜனம்? கண்ணு, அந்த மிஷினைக் கெடுத்தது உன் அப்பா இல்லை. நான்தான். நீ ஊருக்கு வந்து அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும்.

எனக்கு எதையும் சுருக்கிச் சொல்லத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜ்காரர் பெரிய மிஷின் வாங்கிக்கொண்டு சின்னதைத் தள்ளிவிட்டபோது, நீ அதை மாட்டுவண்டியில் ஏற்றி வைக்கோல் மேல் பிள்ளையாரைப் போல உட்காரவைத்துக் கொண்டுவந்தாய். சிவப்பு நிறம். ஒரு டிரங்குப் பெட்டி உயரம். மேலே டாங்கு, முன்னால் இழுக்கிற கயிறு. ரெண்டு ஆள் சேர்ந்தால் தூக்கிவிடலாம். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா என்று எங்கே கரண்ட் போனாலும் உன்னைத்தான் தேடி வருவார்கள். நான் அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மறுநாள் நீ கயிற்றை இழுத்து இழுத்துக் கை சோர்ந்து என்னிடம் வந்தாய்.

"அத்தை, இது மூச்சு விடுற எடம். இதுல போயி சந்தனத்த அப்பி வச்சிருக்கியே."

"எனக்கு என்னடா தெரியும். முன்னாடி வட்டமா இருந்துச்சு, நெத்தின்னு நெனச்சேன்."

"நெத்தி மேல இருக்கு. டாங்குதான் நெத்தி. இனிமே அங்க வை."

அதற்குப் பிறகு டாங்குதான் நெற்றி. வெள்ளிக்கிழமைதோறும் அங்கேதான் வைத்தேன். ஒரு தடவைகூட இடம் மாறியதில்லை. நல்லபடியாகச் சொல்லிக்கொடுத்தால் நான் கற்றுக்கொள்வேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீ மஸ்கட்டுக்குக் கிளம்பிய காலையை இப்போது சொல்ல வேண்டும். ரெண்டு வருடம் மிஷின் சும்மா கிடக்கப் போகிறது, சும்மா போட்டால் வீணாகிவிடும், கட்டிவைக்க ஒரு முறை இருக்கிறது என்று ஒரு நோட்டுத் தாளில் எழுதிச் சோற்றுப் பசை தடவிக் கொல்லைக் கொட்டகைத் தூணில் ஒட்டியிருந்தாய். முதல் நாளே நீயே செய்துவிடலாம் என்று இருந்தாய். சொல்லிக்கொள்ள வந்த ஜனம் விடவில்லை. காலையில் அவசர அவசரமாக இன்ஜினைச் சூடாக்கி, அழுக்கு ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றினாய். டாங்கிலிருந்த பெட்ரோலைப் புட்டியில் வடித்தாய். அடியில் ஒரு டம்ளர் அளவுக்குத் தங்கியிருந்தது. திரும்ப ஓடவிட்டு, பெட்ரோல் வருகிற டேப்பை மூடினாய். அதற்குள் வாசலில் வாடகைக் கார் ஹார்ன் அடித்துவிட்டது.

"அப்பா, இது இப்ப தானா நிக்கும். உள்ள இருக்கிற பெட்ரோலெல்லாம் எரிஞ்சு தீந்து தானா நிக்கணும், யாரும் சுவிட்ச தொட வேணாம். டாங்கு அடியில இருக்கிறத அப்பறம் தொடச்சு எடுத்துடுங்க. மீதி தாள்ல எழுதிருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாய்.

உன் அப்பா உன்னைக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவிட வேண்டியவர். போகிற போக்கில் என்னிடம், "அக்கா, அதப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். நீ அவரிடம் சொன்னாய், அவர் என்னிடம் சொன்னார். நீ காரில் ஏறும்போது அது உனக்குத் தெரியாது.

நான் ஏன் வாசலுக்கு வரவில்லை என்று நீ அன்றைக்குக் கேட்டிருப்பாய். நெற்றியில் விபூதி மட்டும் பூசுகிறவள், பிள்ளை முதல் தடவை கடல் தாண்டிப் போகும்போது எதிரே வந்து நிற்கலாமா என்று நானாகத்தான் கொட்டகையில் இருந்துகொண்டேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதே நேரம் பார்த்து இன்ஜின் இருமத் தொடங்கியது. ஒரு இருமல், ஒரு விக்கல், திரும்ப ஒரு இருமல். ஊரில் எந்தப் பொம்பளையையாவது கேட்டுப் பார். எண்ணெய் தீர்ந்து விளக்கு தானாக அணைய விடுவாளா? பூவாலோ ஒரு சொட்டுப் பாலாலோ நாமாகத்தான் குளிரவைக்க வேண்டும். அணைந்தது என்ற வார்த்தையைக்கூட வீட்டில் சொல்ல மாட்டோம். நீ வாசலைத் தாண்டுகிற அந்த நிமிஷத்தில் உன் மிஷின் எண்ணெய் இல்லாமல் விக்கிச் சாவதை நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையை நீட்டி டேப்பைத் திறந்துவிட்டேன். அது மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஓடியது. கார் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, சத்தம் மறைகிற வரைக்கும் ஓடவிட்டேன். பிறகு சனீஸ்வரா என்று சொல்லிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன். விளக்கைக் குளிரவைத்த மாதிரி அமைதியாக அடங்கியது. எனக்கு அவ்வளவு நிம்மதி. அரிசிப் பானையை வழித்துத் துடைக்க மாட்டோம் இல்லையா, அதுபோல டாங்கு அடியில் இருந்ததையும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாளில் மீதி இருந்ததையெல்லாம் அட்சரம் பிசகாமல் செய்தேன். பிளக்கைக் கழற்று என்று இருந்தது, கழற்றினேன். 'அந்த ஓட்டை வழியாக நல்ல எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டு, கயிற்றை ரெண்டு தடவை மெதுவாக இழு' என்று இருந்தது. சனிக்கிழமை விளக்குக்கு வாங்கி வைத்திருந்த எண்ணெயிலிருந்து, உதடு படாத புது நெய்க் கரண்டியால் ஒரு கரண்டி விட்டேன். ரெண்டு தடவை இழுத்தேன். பிளக்கை மாட்டினேன். உப்புக்காற்று படாமல் படுதா சுற்றி, தரை ஈரம் ஏறாமல் பலகை மேல் ஏற்றிக் கோணியால் மூடினேன். வெள்ளிக்கிழமைதோறும் கோணிக்கு மேலேயே குங்குமம் வைத்துவந்தேன்.

எட்டு மாதம் கழித்து மாரியம்மன் திருவிழாவில் கரண்ட் போய்விட்டது. பையன்கள் வந்து கேட்டார்கள். உன் அப்பா படுதாவைப் பிரித்துக் கயிற்றை இழுத்தால் கயிறே வரவில்லை. கறக்க விடாத மாடு காலை ஊன்றிக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றது. அம்மன் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வீதி வந்தாள். உன் சிநேகிதன் செல்வம் அதை எங்களுக்கு முந்தி உனக்கு எழுதிவிட்டான். நீ உன் அப்பாவுக்கு எழுதிய பதில் வந்தது. 'ஒரே ஒரு வேலை சொன்னேன். அதையும் காதில் வாங்கவில்லை. என் பொருள் என்றால் உங்களுக்கு என்றைக்கு அக்கறை இருந்தது' என்று எழுதியிருந்தாய். அவர் அதை ரெண்டு தடவை படித்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"தம்பி, நான்தான் பாத்தேன்னு அவனுக்கு எழுதிப்புடுறேன்."

"வேணாங்க்கா. தனியா கெடக்குறான். யாரையாவது திட்டுனாத்தான் ஆறும். என்னையத் திட்டிட்டுப் போவட்டும்."

வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். அதுதான் என் பெரிய தப்பு. எண்ணெய், பெட்ரோல் எல்லாம் அதற்கு அப்புறம். ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா போனபோது உனக்கு நாலு வயது. கொஞ்ச நாளில் நீ என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாய். நான்தான், "அத்தைன்னு கூப்புடு சாமி, ஒங்கம்மா மேலேருந்து பாத்துக்கிட்டிருக்கா" என்று திருத்தினேன். நீ மாற்றிக்கொண்டாய். அப்பா தப்பு செய்தால் எத்தனை வருடம் பேசாவிட்டாலும் அவர் அப்பாதான், அந்த உறவு எங்கேயும் போகாது. அத்தை தப்பு செய்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பயந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் சாமி கதை சொல்கிறவள், தன் பிள்ளையிடம் ஒரு உண்மையைச் சொல்லப் பயந்தேன்.

உன் கல்யாணம் நிச்சயமானதும் தலத்தெருவுக்குப் போய், பட்டறை வைத்திருக்கிற ராஜமாணிக்கத்தைக் கையோடு கூட்டிவந்தேன். நல்ல வேலைக்காரர், வாய் கொஞ்சம் நீளம். பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். பிசுக்கென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இதுல வடை கிடை சுட்டீங்களா?"

"தாள்ல எழுதியிருந்தபடிதான் செஞ்சேன். நல்லெண்ணெ ஒரு ஸ்பூன்."

தூணில் இருந்த தாளைப் பக்கத்தில் போய்ப் படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லெண்ணெ இல்லீங்கம்மா. நல்ல, எண்ணெ. நடுவுல எடம் விட்டு எழுதிருக்கான் பாருங்க. நல்லதா, புதுசா உள்ள இன்ஜின் ஆயில்னு அர்த்தம்."

"ரெண்டையும் வாயால சொல்லிப் பாருங்க. ஒண்ணாத்தான வருது?"

அவர் சொல்லிப் பார்த்தார். ஒன்றாகத்தான் வந்தது. "கேஸு ஒங்க பக்கம்தான்" என்றார். திருநள்ளாற்றை ஒட்டி இருக்கிற ஒரு பொம்பளையிடம் எண்ணெய் என்று எழுதிக் கொடுத்தால் அவள் எந்த எண்ணெயை எடுப்பாள்? இதில் பாதித் தப்பு உன் பேரில். மறுக்காதே.

ஆனால் சிரிப்பு அதோடு முடிந்தது. அடுத்து அவர் கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோலும் காற்றும் கலக்கிற சின்னக் கிண்ணம்தான் அது. அதற்குள் பெட்ரோல் காய்ந்து கருப்பட்டிப் பாகு மாதிரி பிடித்துப்போயிருந்தது. ஊசிக்கண் அளவு துவாரம் எல்லாம் அடைத்துக் கிடந்தது.

"எண்ணெயாவது தெரியாம ஊத்துனது. இதுல பெட்ரோல நிக்க வச்சது யாரு? தானா நிக்கிற வரைக்கும் ஓட்டுன்னு கொட்டை எழுத்துல எழுதிருக்கு."

வைக்கோல்போர் பக்கம் நின்றுகொண்டிருந்த உன் அப்பா, கொஞ்சம்கூட யோசிக்காமல், "நான்தாங்க. மறந்துட்டேன்" என்றார்.

முன்பின் தெரியாத ஆளிடம்கூட எனக்காக அந்தப் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார், கண்ணு. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. "இல்ல தம்பி, நான். கார் பாலம் தாண்டுற வரைக்கும் டேப்ப தொறந்து விட்டேன். அப்பறம் சுவிட்ச தட்டுனேன்" என்றேன்.

"தெரியும்க்கா" என்றார் உன் அப்பா.

"என்ன தெரியும்?"

"பஸ்ஸு ஏத்திட்டு வந்து பாத்தேன். சுவிட்சு ஆஃப்ல இருந்துச்சு. தானா நின்னிருந்தா ஆன்லதான இருந்திருக்கும்."

"அன்னைக்கே ஏண்டா கேக்கல?"

"கேட்டு என்ன ஆவப் போவுது. புள்ள படி எறங்குற நேரம். நீ எதுக்குப் பண்ணுனன்னு எனக்குத் தெரியாதா. உள்ள நின்னா இப்படிக் கெட்டுப்போவும்னு எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சிது."

ராஜமாணிக்கம் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெ ஒரு டப்பால கொண்டாங்க. ஒங்க குடும்பப் பஞ்சாயத்த நான் கழுவ முடியாது, இதத்தான் கழுவ முடியும்" என்றார். ரெண்டு நாள் ஊறப்போட்டுக் கழுவி, செப்புக் கம்பியால் துவாரங்களைக் குத்தி, பிஸ்டனை இளக்கிக் கொடுத்தார். போகும்போது என்னிடம் தன்மையாகத்தான் சொன்னார். "வெளக்குல கொஞ்சம் மிச்சம் இருக்கணும்மா, சரி. இதுல மிச்சம் இருந்தாத்தான் கெடுதி. ஒட்ட எரிஞ்சு தீந்துச்சுன்னா, பத்து வருஷம் கழிச்சு இழுத்தாலும் வரும்."

முதல் இழுப்பில் வரவில்லை. மூணாவது இழுப்பில் வந்தது. வெள்ளைப் புகை கொல்லையை மூடிவிட்டது. என் நல்லெண்ணெய் மீதியெல்லாம் எரிந்து, கொட்டகை முழுக்கத் திருநள்ளாற்றுச் சனிக்கிழமை வாசனை. உன் அப்பா மாட்டுக் கொட்டகையில் ஒரு பல்பை மாட்டினார். பட்டப்பகலில் அது எரிந்தது. கன்று மிரண்டு தாயின் பக்கம் ஒண்டியது. ரெண்டு கிழங்களும் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம்.

நீ வர இன்னும் ரெண்டு மாதம் இருக்கிறது. அதுவரைக்கும் திரும்பவும் கட்டிவைக்க வேண்டும் இல்லையா. இந்தத் தடவை நான் தாளைப் பார்க்கவில்லை. டாங்கைத் துடைத்து எடுத்தேன். டேப்பை மூடிவிட்டுக் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இருமியது. விக்கியது. கை தானாக டேப்புக்குப் போனது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். கடைசியாக ஒரு தடவை குலுங்கித் தானாக நின்றது. வேப்பமரத்தில் காக்கை கத்திக்கொண்டிருந்தது. வாசலில் கீரைக்காரி கூப்பிட்டாள். வேறு ஒன்றும் ஆகவில்லை. பிறகு இன்ஜின் ஆயில் ஒரு ஸ்பூன். புட்டியில் 'இன்ஜின் ஆயில்' என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். உன் பெண்டாட்டிக்கு எதையாவது எழுதிவைத்துவிட்டுப் போனால் எந்த எண்ணெய் என்று சேர்த்து எழுது. அதைவிட, ஏதாவது கெட்டுப்போனதென்று கேள்விப்பட்டால், கோபத்தை எழுதுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு வரி கேட்டு எழுது. பதில் வரப் பதினைந்து நாள் ஆகும். ஆகட்டும்.

உனக்கு நிச்சயம் செய்திருக்கிற பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். நிச்சயதார்த்தத்தன்று நான் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை. போன சனிக்கிழமை திருநள்ளாற்றில் பிரகாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து "அத்தை" என்று குரல். நீதான் வந்துவிட்டாயோ என்று ஒரு நிமிஷம் நினைத்துத் திரும்பினேன். அவள் நின்றாள். "அன்னைக்கு ஒங்களப் பாக்கவே முடியல அத்தை. கல்யாணத்தன்னைக்கு ஒளிஞ்சுக்காதீங்க. நீங்க முன்னாடி நின்னாத்தான் நான் உள்ள கால வைப்பேன்" என்றாள். வீடு வரைக்கும் அந்த வார்த்தையே காதில் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக நீ கூப்பிடுகிற அதே அத்தைதான். ஆனால் அவள் வாயிலிருந்து வரும்போது அதற்கு உன் அம்மா என்று அர்த்தம். நான் வேண்டாம் என்று திருப்பிக்கொடுத்தது சுற்றி வளைத்து வந்து சேர்ந்திருக்கிறது. உன் அம்மா மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், கோபப்பட மாட்டாள் என்று தோன்றுகிறது.

உனக்குக் கோபம் வந்தால் என்னிடம் வந்து தீர்த்துக்கொள். உன் அப்பாவுக்கு மட்டும் இன்றைக்கே தனியாக ஒரு கடிதம் போடு. அது வந்தால் நான் படித்துக் காட்ட மாட்டேன், அவரே படித்துக்கொள்ளட்டும். பந்தலில் முதல் கயிறு அவர் இழுக்கட்டும், நீ பக்கத்தில் நின்று டேப்பைத் திறந்துவிடு. லீவு முடிந்து நீ திரும்பிப் போகிற காலையில் மிஷினை மறுபடி கட்டிவைக்க வேண்டியிருக்கும். நீ டேப்பை மூடிவிட்டுக் காரில் ஏறு. இந்தத் தடவை கொட்டகையில் யாரும் இருக்க மாட்டோம். மிஷின் தானாக நிற்கட்டும். நான் வாசலில் நிற்கிறேன்.

உன்
அத்தை